மழை நிச்சயமில்லாதபோது எவ்வளவு உரம்?

கேள்வி: மழை பெய்யுமா, பொய்க்குமா என்று தெரியாத பருவத்தில் யூரியாவின் அளவை எப்படி முடிவு செய்வது? முழுவதையும் முதலிலேயே இட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது என்பதால் அதை முழுவதும் அடியுரமாகவே இட்டுவிடலாம், சிக்கல் தழைச்சத்தான நைட்ரஜனில்தான். 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியாவை ஈர மண்ணின் மேல் தூவிவிட்டு, மழையோ பாசனமோ இல்லாமல் சில நாள் விட்டால், அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். கனமழை கொட்டினாலோ நைட்ரேட்டாக மாறிய பகுதி வேருக்குக் கீழே கரைந்து இறங்கிவிடும். ஆகவே மண் பரிசோதனை பரிந்துரைக்கும் அளவில் ஒரு சிறு பங்கை மட்டும் தொடக்கத்தில் இட்டு, மீதியைப் பயிரின் நிலையையும் அடுத்த சில நாள்களுக்கான வானிலை முன்னறிவிப்பையும் பார்த்து, மேலுரமாகப் பிரித்து இடுங்கள். நெல்லானால், இலை வண்ண அட்டையை (இலையின் பச்சை நிறத்தை வைத்துத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் அட்டை) முழுதாக விரிந்த இளம் இலையோடு, உங்கள் உடம்பின் நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள் (நேர் வெயிலில் பிடித்தால் நிறம் ஏமாற்றிவிடும்). வறட்சி நீடித்து, எதிர்பார்த்த விளைச்சல் குறைந்துவிட்டால், கடைசித் தவணையைக் குறைப்பதிலோ அடியோடு விட்டுவிடுவதிலோ தவறில்லை. ஆனால் கதிர் உருவாகும் தருணத்தில் மிதமான மழை கிடைத்தால் அந்தத் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.