பிரானேசி வரைந்த ரோமை நேரில் பார்க்க முடியுமா?

"பிரானேசியின் எட்சிங் படங்களில் வரும் ரோமானியக் கட்டடங்கள் நிஜமா, கற்பனையா? ரோமுக்குப் போனால் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: பிரானேசி பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர்; எட்சிங் என்றால் உலோகத் தகட்டை ஆசிட்டால் அரித்து, அதிலிருந்து எடுக்கும் அச்சுப்படம்.) டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நல்லது. நான் கேட்காமல் போனேன்.

கவின்கலைக் கல்லூரியில் படிக்கும்போதே அவர் வரைந்த கெஸ்டியஸ் பிரமிடு, அதாவது ரோமில் உள்ள பழங்கால ரோமானியக் கல்லறை, எனக்கு மனப்பாடம். தாள் முழுக்க மலை மாதிரி எழும்பி நிற்கும். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லாத மனிதர்கள். ரோமில் மெட்ரோவை விட்டு வெளியே வந்து பார்த்தால், பஸ்ஸும் டிராமும் திரும்புகிற நாற்சந்தி ஓரத்தில் சுமார் 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இவ்வளவுதானா என்று மனசு விட்டுப்போய்விட்டது. ரோமில் இடிபாடாக நிற்கும் கராகல்லா குளியல் மண்டபங்களைப் பற்றி ஜெர்மன் கவிஞர் கதேயும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்: பிரானேசியின் படங்களில் பார்த்தது நேரில் கிடைக்கவில்லை என்று.

"அப்படியென்றால் எல்லாம் புளுகு" என்று கீழே எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் வரலாற்று அறிஞன் இல்லை, தகடு அரித்துப் பழகியவன். ஆனால் இந்த மனிதரைப் பொய்யர் என்றால் எனக்குப் பொறுக்காது. அப்பா கல் வேலைக்காரர், மாமா வெனிஸின் நீர்ப்பணிப் பொறியாளர். நாடக மேடைக்குக் காட்சி வரையவும் கற்றுக்கொண்டு 1740இல் ரோம் வந்தார். பார்வையைத் தரையோடு தாழ்த்துவது, ஆட்களைச் சுருக்குவது எல்லாம் மேடைக்காரரின் கை. 1743இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் கட்டடங்களும், பிறகு வந்த சிறைக்கூடப் படங்களும் முழுக் கற்பனை. அவற்றைத் தேடி அலையாதீர்கள். நகரக் காட்சிப் படங்களில் உள்ளவை நிஜ இடங்கள், அளவுதான் ஊதியது. ரோமானியப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு பாதிவரை மண்ணில் புதைந்திருப்பதாக வரைந்திருக்கிறார். அது கற்பனையே இல்லை. அந்த வளைவு நிற்கும் ரோமன் ஃபோரம், பழைய ரோமின் மையச் சதுக்கம், அன்றைக்கு மாடு மேய்கிற மேடு. தோண்டி எடுத்தது பிற்பாடு.

அவர் படங்களில் நிழல்களின் அந்தக் கருமை எப்படி வருகிறது தெரியுமா? செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் போட வேண்டும். வெளிறிய கோடுகளை முதலில் வார்னிஷ் போட்டு மறைத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மறுபடி அரிக்க விட வேண்டும். ஆழமாக அரித்த கோடுதான் அதிக மை பிடித்துக் கருப்பாக விழும். கோட்டின் மேல் திரளும் குமிழியை இறகால் மெல்லத் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். கவனம் தப்பினால் கோடு பல்லுப் பல்லாகிவிடும். ஒரு சிறிய துத்தநாகத் தகட்டுக்கே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம், பிரின்ட் வாங்கினால் ஒன்று சொல்கிறேன். ரோமில் வாங்கிய அந்தப் பிரமிடு படத்தை இங்கே பிரேம் போடக் கொடுத்தேன். ஓரம் அழுக்காக இருக்கிறது என்று, தகடு அழுந்திய தடத்தோடு சேர்த்து நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். அந்தத் தடம்தானே அது தகட்டில் எடுத்த அச்சு என்பதற்கு அடையாளம்! கேட்டால், "இப்போ நீட்டா இருக்கு சார்" என்றார்கள். இன்னும் ஆறவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரமிடிலிருந்து நடக்கும் தூரத்தில், அவெண்டைன் குன்றின்மேல் சாந்தா மரியா டெல் பிரியோராத்தோ தேவாலயம் இருக்கிறது. அவர் வடிவமைத்து எழும்பிய ஒரே கட்டடம் அது. அவரைப் புதைத்திருப்பதும் அங்கேதான். அந்த வளாகத்தின் வாசல் கதவின் சாவித்துவாரம் வழியாகப் பீட்டர் பேராலயக் குவிமாடத்தைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கும். நீங்கள் திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். வாசலுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சதுக்கமும் சுவரில் நிற்கும் சின்னத் தூபிகளும் அவர் செய்தவை.