சிறிய சொகுசுக் கப்பலில் போக என்ன உடை வேண்டும்? மத்தியதரைக் கடலுக்கும் அண்டார்டிகாவுக்கும் ஒரே பெட்டி போதுமா?

கேட்டவர் அநேகமாக ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்திருப்பார்கள். வீட்டம்மா "உங்களுக்குக் கோட் தைக்கணுமா, நான் புடவையில் வரலாமா" என்று துளைத்துக்கொண்டிருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், பதில் பெரிதாக மாறாது.

ஒரே பெட்டி போதாது.

நான் பயணியாகக் கப்பலேறியவன் இல்லை. குன்னூர்க்காரன். இருநூறு பேர் போகிற சின்னக் கப்பல்களில் ஆறு வருடம் லாண்டரியில் வேலை பார்த்தேன். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பெரிய மெஷின், தேய்க்கும் மேசை. "அடித்தளத்தில் இருந்தவனுக்கு மேலே நடப்பது எப்படித் தெரியும்" என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். சலவைக்கு வந்த பையைப் பிரித்தாலே கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும் என்பதும் தெரியும், அதற்கும் சண்டைக்கு வராதீர்கள்.

மத்தியதரைக் கடல் என்றால் பை முழுக்க லினன். தேய்த்து மாட்டிய பத்தாவது நிமிடம் கசங்கும் சனியன். அங்கே அநேகமாகத் தினம் ஒரு துறைமுகம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் குளித்து ஜோடித்துக்கொண்டு வருவார்கள். கல்யாண வரவேற்பு மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்கிற கூட்டம். ஆண்களுக்கு ஒரு கோட் இருந்தால் நல்லது. டை பல கப்பல்களில் தேவையில்லை. விண்ட்ஸ்டார், சீட்ரீம் போன்ற கம்பெனிகள் டையே கேட்பதில்லை. சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ரோமுக்குப் போனால் மட்டும் கவனம். வாடிகனில் செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்குள் போகத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். புடவைக்குப் பிரச்சினையே இல்லை, அரை டிராயர் போட்ட பேரன்தான் வாசலில் நிற்பான்.

அதே கப்பல் குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போகும். ஆட்கள் அதே மாதிரிப் பணக்காரர்கள்தான், ஆனால் செருப்பையே மறந்துவிடுவார்கள். கோட் சலவைக்கு வருவது அபூர்வம். வருவதெல்லாம் சன்ஸ்கிரீன் கறை. அதிலுள்ள ஏவோபென்சோன் என்ற ரசாயனம் தண்ணீரிலிருக்கும் இரும்போடு சேர்ந்தால் வெள்ளைச் சட்டையில் துரு மாதிரி செம்மஞ்சள் பிடிக்கும். அதற்கு ப்ளீச் போட்டீர்களோ, இன்னும் மோசமாகும். எலுமிச்சைச் சாறு போட்டுப் பாருங்கள். அப்புறம், ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டு போட்ட துணியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா போன்ற தீவுகளில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். ஒரு பையனின் டிராயரை நானே மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தேன். இறங்கும் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலாஸ்காவைப் பற்றி நம்மூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் குன்னூரில் என்ன போடுவோமோ அதுதான். மழைக்கோட்டு, உள்ளே ஸ்வெட்டர்.

அண்டார்டிகாதான் வேறு உலகம். பெரும்பாலும் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உசுவாயாவில் ஏறுவார்கள், அங்கிருந்து அண்டார்டிகா வரை இருக்கிற டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் குதிகால் செருப்பு போட்டால் காலை ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான். கனத்த கோட்டைப் பல கம்பெனிகள் தாங்களே கொடுக்கும், ரப்பர் பூட்ஸ் இரவலாகக் கிடைக்கும். கரையிறங்கும் முன் பையின் மூலை, ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் வாக்குவம் போட்டு உறிஞ்சுவார்கள். வேறு நாட்டு விதை ஒன்றுகூட அங்கே விழக்கூடாது. பெங்குவினுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். திரும்பி வரும் கால்சட்டையில் அதன் எச்ச நாற்றம் இருக்கும், அது மூன்று சலவைக்குப் போகாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு லட்சாதிபதியும் ஜீன்ஸும் கம்பளிச் சட்டையுமாக வருவார். சாப்பிட்டுவிட்டு விஞ்ஞானியின் சொற்பொழிவு. கல்லூரிச் சுற்றுலா மாதிரி இருக்கும், யார் என்ன போட்டிருக்கிறார் என்று ஒருவரும் பார்க்க மாட்டார்.

அங்கே ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. அதைப் பார்த்தபோது ஊட்டிக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். 2024 மே மாதம் ஊட்டிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது ஆதரித்தவன் நான். ஆனால் என் பழைய வண்டி கோயம்புத்தூர் பதிவு. மேட்டுப்பாளையம் போய்விட்டு வந்தால், பிறந்த ஊருக்குள் நுழைய என்னை நிறுத்தி "எந்த ஊர் சார், எத்தனை நாள் தங்குவீங்க" என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

இனி அந்த வீட்டம்மாவின் புடவைக் கேள்விக்கு வருகிறேன். எனக்குச் சுருக்கென்று தைத்த இடமும் அதுதான்.

அப்பாவும் சலவைத் தொழில்தான். மேகம் இறங்கினால் குன்னூரில் மூன்று நாளானாலும் துணி காயாது. கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தே ஈரத்தை எடுப்பார். மலையில் ஒரு கிளப்புக்கு, பெயர் வேண்டாம், முப்பது வருடம் பின்வாசல் வழியாகத் துணி கொண்டுபோனார். 2009-ல் எஸ்டேட் துரை ஒருவர், தமிழர்தான், மகள் கல்யாண வரவேற்புக்கு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வேட்டிக்குத் தானே கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். பேன்ட், ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். உள்ளே இருந்த கோட்டுகளில் பாதி அவர் தேய்த்தவை. எதுவும் பேசாமல் பஸ் பிடித்து வந்துவிட்டார். அப்போது நான் கூடவே இருந்தேன்.

நான் கப்பலேறிய இரண்டாம் வருடம், கிரேக்கத் தீவுகள் பக்கம், உடை விஷயத்தில் கண்டிப்பான ஒரு ராத்திரி. ஒரு கேபினிலிருந்து பட்டு வேட்டி தேய்க்க வந்தது. உடன் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பையன் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு "இது திரையா, மேசை விரிப்பா" என்றான். நான் வாங்கி, அப்பா மடிக்கிற மாதிரி கரை வெளியே தெரிய மடித்து அனுப்பினேன். வந்திருந்தவர் லண்டனில் வாழும் தமிழ் டாக்டராம். ராத்திரி பரிமாறுகிறவன் கீழே வந்து சொன்னான்: சாப்பாட்டுக் கூடத்து மேனேஜரே எதிரே போய் அழைத்து உட்கார வைத்தாராம், மனைவியின் காஞ்சிபுரத்தைப் பக்கத்து மேசைப் பெண்கள் தொட்டுப் பார்த்தார்களாம். அன்று மெஷின் ஓடுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். காசு கொடுத்த பயணிக்குக் கிடைக்கிற மரியாதை அது, எனக்கும் தெரியும். நாங்கள் மேல்தளத்தில் தலைகாட்டவே அனுமதி வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காக ஒரு கிளப்பில் தடுத்த பிறகுதான் 2014-ல் இங்கே வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சலவைக்காரரைத் தடுத்தபோது வரவில்லை.

ஆகவே புடவை, வேட்டி தாராளமாக எடுத்துப் போங்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் வேண்டாம். தீப்பயத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சின்னக் கப்பல்கள் பலவற்றில் டிரை கிளீனிங் கிடையாது. பட்டுத் துணியைச் சலவைப் பையில் போட்டால் "துவைக்க வேண்டாம், தேய்க்க மட்டும்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் சீட்டு எழுதி வையுங்கள். கீழே எப்போதும் குன்னூர்க்காரன் இருக்க மாட்டான்.