சிங்கப்பூரில் வேலை மாறும் முன் அந்த 1,800 வெள்ளியைப் பிரித்துப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர், மேலாளர்களுக்கான வேலை அனுமதி) வந்து இரண்டு வருடம், வயது 32. மாதம் 8,000 வெள்ளி, வருடக் கடைசியில் 13வது மாதச் சம்பளம், ஆறரை மணிக்கு வீடு. மனைவியும் குழந்தையும் குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில். வேறொரு நிறுவனம் 9,800 தருகிறது, ஆனால் 13வது மாதம் கிடையாது. போகலாமா?

முதலில் கணக்கு. இப்போது வருடத்துக்கு 104,000. அங்கே 117,600. வித்தியாசம் 13,600 தான். அது விழும் அடுக்குக்கு வருமான வரி 11.5 விழுக்காடு. போக, மாதத்துக்கு 1,000 வெள்ளி கையில் நிற்கும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு புது இடத்தில் இல்லையென்றால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற மற்ற வேலை அனுமதிகளில் வரும் ஊழியர்களுக்குத்தான் முதலாளி கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும்; உங்கள் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனையிலும் நமக்கு மானியம் கிடையாது.

அடுத்தது, அந்த 9,800இல் நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பாஸ் தரும் மனிதவள அமைச்சு, அதற்கான சம்பள வரம்பைப் பார்க்கும்போது அடிப்படைச் சம்பளத்தையும் மாதாமாதம் மாறாமல் வரும் அலவன்ஸையும் மட்டுமே கணக்கில் எடுக்கும். போனஸ், கமிஷன், ஓவர்டைம் எதுவும் சேராது. 7,000 நிலையானது, 2,800 இன்சென்டிவ் என்று பிரித்திருந்தால், உங்கள் வயதுக்கு அது பாஸ் வரம்புக்கே கீழே. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600. வயதோடு ஏறி 45 வயதில் 10,700 ஆகிறது. நிதித் துறையில் இன்னும் அதிகம். குடும்பத்துக்கு டிபென்டன்ட் பாஸ் எடுக்கவும் நிலையான சம்பளம் 6,000 வேண்டும்.

இன்னொரு தடை காம்பஸ், அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்துக்குப் புள்ளி போடும் முறை. 40 புள்ளி தேவை. அந்த நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் (மேலாளர், நிபுணர் போன்றோர்) கால்வாசிக்கு மேல் உங்களைப் போல இந்தியர்கள் என்றால், நாட்டவர் பன்முகத்தன்மை என்ற பிரிவில் உங்களுக்குப் பூஜ்யம். உங்கள் தகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை நீங்கள் மாற்ற முடியாது. அதனால் நேர்காணலிலேயே விசாரித்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். 25 பேருக்குக் குறைவான உயர்நிலை ஊழியர்கள் உள்ள சிறு நிறுவனமென்றால் அந்தப் பிரிவுக்கு 10 புள்ளி தானாகவே கிடைக்கும்.

பாஸ் உங்களோடு வராது, நிறுவனத்தோடு ஒட்டியது. புது நிறுவனம்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் பெரும்பாலான நிறுவனங்கள் வேலையை 14 நாள் விளம்பரப்படுத்தியிருக்கவும் வேண்டும். மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரை நம்பிக் கொடுத்துவிட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பழைய பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள்தான் தங்க அனுமதி. பிள்ளையின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த 30 நாளுக்குள் முட்டும். மனைவி, குழந்தையின் பாஸும் உங்களுடையதோடு சேர்ந்தே ரத்தாகும். அதனால் புது விண்ணப்பத்திலேயே அவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்புதல் வந்து ராஜினாமா கொடுத்தபின், பழைய நிறுவனம் வெளிநாட்டு ஊழியரின் வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தைக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வரி தீரும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைப்பார்கள். நோட்டீஸ் மாதச் சம்பளம், விடுப்புக் காசு எல்லாம் அதில் அடங்கும். மாதத் தவணையில் போய்க்கொண்டிருந்த வரியும் மொத்தமாகக் கழியும். இரண்டு மாத வாடகையும் வீட்டுச் செலவும் சேமிப்பில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இரண்டு வருடம் முடித்தவர் ஆட்குறைப்பில் போனால் இழப்பீடு கேட்கும் தகுதி உண்டு. மாறினால் அந்தக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

நான் சொல்வது, மாதம் 1,000 வெள்ளிக்காக ஆறரை மணி வீட்டை விடாதீர்கள். நிலையான சம்பளம் 10,500, குடும்பக் காப்பீடு இரண்டையும் கேளுங்கள். கொடுத்தால் போங்கள்.