உதவி செய்தால் மனம் நிறைகிறதே, அது சுயநலமா?

கேள்வி: பிறருக்கு உதவும்போது என் மனம் நிறைகிறது. "அந்த நிறைவுக்காகத்தான் உதவுகிறாய், ஆகவே அதுவும் சுயநலமே" என்கிறார் என் நண்பர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஒரு செயலின் விளைவு வேறு, நோக்கம் வேறு. உதவிய பின் மகிழ்ச்சி வருவதால், அந்த மகிழ்ச்சியை நாடித்தான் உதவினோம் என்று ஆகிவிடாது. மேலும், பிறர் நலனில் சிறிதும் அக்கறை இல்லாதவருக்குப் பிறர் துயர் நீங்குவதைக் கண்டு மனம் நிறைய வழியே இல்லை. அக்கறை முன்னமே இருந்தால்தான் நிறைவு பின்னால் வரும்.

நண்பர் இதை வெறும் தர்க்கம் என்று ஒதுக்கினால் சோதனைச் சான்றும் உண்டு. 2008இல் எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலை 5 மணிக்குள் செலவிடச் சொன்னார்கள். ஒரு சாரார் தமக்காகவும், மறு சாரார் பிறருக்காகவோ அறக்கொடையாகவோ செலவிட வேண்டும். மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்; தொகை 5 டாலரா 20 டாலரா என்பது பொருட்டாக இருக்கவில்லை. இந்த நான்கு வாய்ப்புகளில் எது அதிக மகிழ்ச்சி தரும் என்று வேறு சிலரிடம் கேட்டபோது, தமக்கே செலவிடுவதுதான் என்றும், 20 டாலர்தான் என்றும் பெரும்பாலோர் தவறாகக் கணித்தார்கள். உங்கள் நண்பரின் வாதம் எனக்கு இங்கேதான் தடுமாறுவதாகப் படுகிறது: கொடுப்பதால் கிடைக்கும் இன்பத்தை முன்கூட்டியே சரியாக மதிப்பிடத் தெரியாத மனிதர், அந்த இன்பத்தைக் கணக்கிட்டுத்தான் கொடுக்கிறார் என்பது எப்படிப் பொருந்தும்?

நோக்கத்தையே நேரடியாகச் சோதிக்க முயன்றவர் உளவியலாளர் டேனியல் பேட்சன். 1981இல் வெளியான அவரது குழுவின் சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சிக்கு உள்ளாவதைப் பங்கேற்பாளர்கள் பார்த்தார்கள் (அவர் நடித்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது). சிலர் இரண்டு முறை பார்த்தபின் எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் இறுதிவரை பார்த்தாக வேண்டும். அவளுக்குப் பதிலாகத் தாமே அதிர்ச்சியை ஏற்கவும் வாய்ப்பு இருந்தது. தம் மனச் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வது மட்டுமே நோக்கமாக இருந்தால், எளிதில் வெளியேற முடிந்தவர்கள் வெளியேறியிருப்பார்கள். ஆனால் அவள்மீது இரக்கம் மிகுந்தவர்களில் பெரும்பாலோர், கதவு திறந்திருந்தும் அவளுடைய இடத்தில் உட்கார முன்வந்தார்கள். ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள், இரக்கத்தால் உண்டாகும் வருத்தத்தைப் போக்கிக்கொள்ளவே இவர்கள் உதவினார்கள் என்று மறுத்தார்கள். அந்த விவாதம் அதன் பிறகும் நெடுங்காலம் நடந்தது.

கேள்வி: செய்திகளைப் படித்தால் மனிதர்மீதே நம்பிக்கை போகிறது. மனிதர்கள் நல்லவர்கள் என்பதற்கு அறிவியலில் ஆதாரம் உண்டா?

பதில்: மனிதர் அனைவரும் நல்லவர் என்று எந்த ஆய்வும் மெய்ப்பிக்கவில்லை. நாம் எண்ணுவதைவிட நல்லவர்கள் என்பதற்கு ஆதாரம் உண்டு.

40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை ஆய்வுக்குழுவினர் வங்கி, அஞ்சலகம், தங்கும் விடுதி போன்ற இடங்களின் முகப்பில் இருந்தவர்களிடம், "தெருவில் கிடந்தது" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி, பணம் இல்லாத பைகளில் சுமார் 40 விழுக்காட்டுக்கு உரியவரை மின்னஞ்சலில் தொடர்புகொள்ள முயற்சி நடந்தது. பணம் இருந்தபோது அது 51 விழுக்காடாக உயர்ந்தது. மூன்று நாடுகளில் தொகையைக் கூட்டியபோது விகிதம் மேலும் ஏறியது. பொருளாதார வல்லுநர்கள் உட்படக் கணிக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த ஏற்றத்தை எதிர்பார்க்கவில்லை. பையில் இருந்த சாவி உரியவருக்கு மட்டுமே பயன்படும், கண்டெடுத்தவருக்குப் பயனற்றது. அதை நீக்கிப் பார்த்தபோது தகவல் தந்தோர் குறைந்தார்கள். ஆகவே, பணம் கூடும்போது திருடன் என்று தம்மையே எண்ண நேருமோ என்று எழும் கூச்சத்தோடு, முகமறியாத ஒருவர்மீதான அக்கறையும் இதில் வேலை செய்தது. நேர்மையை மின்னஞ்சல் வந்ததா என்பதைக் கொண்டு மட்டும் அளந்ததால், மின்னஞ்சல் புழக்கம் குறைந்த நாடுகளுக்கு இது நியாயமான அளவுகோலா என்ற விமர்சனம் எழுந்தது. நாடுகளை வரிசைப்படுத்துவதைப் பொறுத்தவரை அந்த விமர்சனத்தில் வலு இருக்கிறது என்பது என் கருத்து.

அதே நேரத்தில் நல்லியல்பு சூழலுக்கு எளிதில் இடம்கொடுத்துவிடும். 1973இல் ஜான் டார்லியும், முன்பு சொன்ன பேட்சனும் இறையியல் மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், அவர்கள் போகும் வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே நின்றார்கள். அவசரத்தில் விரைந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கட்டாயத்தின் பேரில் உதவினாலும் மகிழ்ச்சி கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. நெட்டா வெயின்ஸ்டைன், ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் 2010 ஆய்வு, தாமே விரும்பி உதவியவர்களின் மனநலம் உயர்ந்ததையும், வற்புறுத்தலால் உதவியவர்களுக்கு அவ்வாறு நேராததையும் காட்டியது. விரும்பிச் செய்த உதவி பெற்றவருக்கும் கூடுதல் நன்மை தந்தது. ஆயினும் உதவி தேவைப்படுபவர் உங்கள் மனம் கனியும்வரை காத்திருக்க முடியாத நேரங்கள் உண்டு. அப்போது முணுமுணுத்துக்கொண்டேயானாலும் செய்துவிடுங்கள்.