மேஸ்திரியிடம் என்ன சொல்வது? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

கணவரின் வேலை மாற்றத்தால் மெக்சிகோ நகரத்துக்கு வந்திருக்கிறோம். கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகியபோது, வந்த ஆளிடம் கோளாறைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். வீட்டுப் பழுது வேலைக்கான சொற்பட்டியல் ஒன்று தருவீர்களா?

வாசகி, மெக்சிகோ நகரம்

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் வேண்டாம் என்பேன். சுத்தியல், ஆணி, திருப்புளி என்று எத்தனை பெயர்களை மனப்பாடம் செய்தாலும், வருகிறவர் முதலில் கேட்பது ‘என்ன ஆயிற்று?’ என்றுதான். அதற்கான பதிலிலிருந்து தொடங்குங்கள். ‘சே தாப்போ’ என்றால் அடைத்துக்கொண்டது. ‘சே ரொம்ப்பியோ’, உடைந்துவிட்டது. ‘சே கேமோ’, கருகிவிட்டது. ‘சே தெஸ்கொம்ப்பூஸோ’, கெட்டுப்போய்விட்டது. உங்கள் தொட்டிக்கு ‘ஐ ஊனா ஃபூகா’, கசிவு இருக்கிறது. ‘உடைந்தது’, ‘உடைத்தேன்’ இரண்டையும் தமிழ் பிரித்துச் சொல்கிறதல்லவா? ஸ்பானிஷில் அந்த வேலையைச் செய்வது முன்னால் நிற்கும் ‘சே’. அதை விட்டுவிட்டு, சொல்லின் ஈற்றையும் மாற்றி ‘ரொம்ப்பீ’ என்றால் நானே உடைத்தேன் என்று பொருள். வாடகை வீட்டில் இது சிறிய வேறுபாடு அல்ல.

செயலிகள் பலவும் ஸ்பெயின் நாட்டு வழக்கைக் கலந்து தருகின்றன. குழாய் வேலை செய்பவர் அங்கே ஃபோந்தானேரோ, மெக்சிகோவில் புளொமேரோ. ஸ்பெயினில் கிரிஃபோ என்னும் குழாய்க்கு மெக்சிகோவில் யாவே. சாவியும் யாவேதான், ஸ்பானரும் யாவேதான். ஆகவே ‘யாவே தே பாஸோ’வைச் சேர்த்தே பழகுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு அது. எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைக் கற்க நல்ல இடம் தெருமுனை ‘த்லாப்பலெரியா’. பெயிண்ட்டும் இரும்புச் சாமானும் விற்கும் கடை. மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான ‘நாவாட்டில்’ மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். தேய்ந்த வாஷரைக் கையோடு கொண்டுபோய் மேடைமேல் வையுங்கள். ‘ஊனோ இகுவால்’, இதே போல ஒன்று என்று சொன்னால் போதும். கடைக்காரர் ‘எம்ப்பாக்கே?’ என்று கேட்டபடி இழுப்பறையைத் திறப்பார். கையில் பொருளோடு காதில் விழுந்த பெயர் மறப்பதில்லை.

வேலைக்கு வருகிறவரை ‘மயேஸ்த்ரோ’ என்று அழையுங்கள். கொத்தனாருக்கும் குழாய்க்காரருக்கும் மெக்சிகோவில் உரிய மரியாதைச் சொல் அது. நம் மேஸ்திரி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த அதன் உறவுக்காரர். வேலை தொடங்குமுன் ‘குவாந்தோ மே கோப்ரா?’ என்று கூலியைக் கேட்டுவிடுங்கள். அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் மிகவும் முக்கியம். அங்கே பல வீடுகளில் எரிவாயு சிலிண்டர்களிலோ மொட்டைமாடித் தொட்டியிலோ இருக்கும். ‘ஊவேலே ஆ காஸ்’, எரிவாயு வாடை வருகிறது. குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் இதை இன்றே சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா