வெட்டுப்பட்ட நரம்பை அன்றே தைத்தும் விரல் ஏன் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கிறது?

இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். போன வருடம் உடைந்த ஜன்னல் கண்ணாடி மணிக்கட்டில் இறங்கி, சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு அறுந்துபோனது. அன்று இரவே தைத்தார்கள். அறுந்த ஒயரை முறுக்கிவிட்டால் பல்பு எரியுமே, அப்படிக் காலையில் உணர்ச்சி வந்துவிடும் என்று நம்பினேன்.

வராது. காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் லண்டன் மருத்துவர் அகஸ்டஸ் வாலர், 1850-ல். அவர் தவளையின் நாக்கை எடுத்துக்கொண்டது அருமையான யோசனை. அது மெல்லியது, உயிரோடு இருக்கும்போதே விரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஒரு பக்க நரம்பை மட்டும் அறுத்துவிட்டு, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். மூன்று நான்கு நாளில், வெட்டுக்கு அப்பால் இருந்த இழைகளுக்குள் பால் திரிந்ததுபோல ஒரு கலங்கல். பிறகு அவை துண்டு துண்டாகச் சிதைந்தன. அறுக்காத பக்கம் அப்படியே இருந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. உணர்வு நரம்பின் வேரில், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே அறுத்தார். தண்டுவடப் பக்கத் துண்டு அழிந்தது, முடிச்சோடு ஒட்டியிருந்தது பிழைத்தது. இழையை உயிரோடு வைத்திருப்பது அந்த முடிச்சுதான் என்றார். நரம்பிழை ஒரு செல்லின் நீட்சி என்பதே உறுதியாகாத காலம் அது!

என் சுண்டுவிரலின் உணர்வு இழைகளுக்குச் சொந்தமான செல்கள் கழுத்தின் அடியில், அப்படிப்பட்ட முடிச்சுகளுக்குள் இருக்கின்றன. வெட்டுக்கு அப்பால் விரல்வரை இருந்த இழைகள் எல்லாம் செத்துவிட்டன. தையல் செய்வது இவ்வளவுதான்: செத்த இழைகளைச் சுற்றியிருந்த பழைய குழாய்களைப் புது இழைக்கு நேராக வைக்கிறது. புது இழை வெட்டுவாயிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 17 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தையலைத் தாண்டவே சில வாரம் தனி.

அறுந்த துண்டு ஊட்டமில்லாமல்தான் சாகிறது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வகைச் சுண்டெலியைக் கண்டார்கள். அதன் அறுந்த இழைகள் வாரக்கணக்கில் அழியவில்லை. அப்படியானால் அழிவை நடத்துவதற்கு இழைக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் சார்ம்1 என்ற புரதத்தின் பங்கு 2012-ல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் மருந்துகளுக்கான முயற்சி இப்போது நடக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மரத்த விரலைச் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். தோசைக்கல்லில் பட்டு என் விரல் கொப்பளித்ததை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிசியோதெரபிஸ்ட் நரம்பு போகும் வழியில் விரலால் தட்டிப் பார்ப்பார். புது இழை வந்து நிற்கும் இடத்தில் சுரீர் என்று மின்சாரம் அடிக்கும். வலிக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். முதலில் எனக்கு அது தையலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஐந்தாம் மாதம் விரலின் நடுக்கணுவுக்கு வந்திருந்தது.