தனி ஒரு ஐரிஷ் எம்.பி.யால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை எப்படி முடக்க முடிந்தது?

ஜோசப் பிகர்தான் சரியான உதாரணம். பெல்ஃபாஸ்டில் பன்றி இறைச்சி வியாபாரி. 1874 முதல் 1890இல் சாகும்வரை அயர்லாந்தின் கேவன் பகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். நல்ல மேடைப் பேச்சாளர் என்று சொல்லவே முடியாது. ஆனால் அன்றைய விதிகளில், பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்த வழியே இல்லை, அதைப் பிடித்துக்கொண்டார். 1875 ஏப்ரலில் அரசு அறிக்கைகளை வாசித்தே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓட்டினார். காதில் விழவில்லை என்று சபாநாயகர் சொன்னதும், மனிதர் முன்வரிசைக்கு நகர்ந்து, முதலிலிருந்து மறுபடி வாசிக்கட்டுமா என்றார்!

சில நாள் கழித்து, 'அந்நியர்கள் தெரிகிறார்கள்' என்று ஓர் உறுப்பினர் சொன்னாலே வெளியாட்கள் வெளியேற வேண்டும் என்ற பழைய விதியைச் சொல்லிப் பார்வையாளர் மாடத்தையே காலி செய்யவைத்தார். வெளியேறியவர்களில் பட்டத்து இளவரசரும் ஒருவர்.

பின்னாளில் ஐரிஷ் தன்னாட்சிக் கட்சியின் தலைவரான பார்னெல், இதைக் கட்சியின் உத்தியாக்கினார். 1881இல் ஒரே அமர்வு 41 மணி நேரம் நீண்டது. சபாநாயகர் பிராண்ட் தன் பொறுப்பிலேயே விவாதத்தை முடித்தார். மறு ஆண்டே விவாதத்தை முடித்துவைக்கும் விதி வந்தது. தந்திரம் அதோடு மழுங்கிப்போனது.